போதையில் சிக்கிய இசைக்கலைஞரைப் பற்றி எழுதுவது எப்படி

2011 ஜூலை 23 அன்று லண்டன் காம்டனில் தன் வீட்டில் பாடகி ஏமி வைன்ஹவுஸ் இறந்துகிடந்தார். வயது 27. போதைமருந்து அதிகமாகித்தான் இறந்திருப்பார் என்று அன்றைக்கே பலர் முடிவுகட்டிவிட்டார்கள். அக்டோபரில் நடந்த மரண விசாரணையில் வெளிவந்தது வேறு. அவர் உடலில் சட்டவிரோதப் போதைப்பொருள் எதுவும் இல்லை. 100 மில்லி இரத்தத்தில் 416 மில்லிகிராம் ஆல்கஹால் இருந்தது. இங்கிலாந்தில் வண்டி ஓட்டுகிறவருக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அளவு 80. கடையில் காசு கொடுத்து வாங்கக்கூடிய சரக்குதான் அவரைக் கொன்றது. ஆனால் முதல் நாள் எழுதியதுதான் பலர் மனத்தில் நின்றுவிட்டது.

இசைப் பக்கம் நடத்துகிறவர், அஞ்சலிக் குறிப்பு எழுதுகிறவர், ரசிகர் குழுவில் அட்மினாக இருப்பவர் ஆகியோருக்கு இந்தக் குறிப்புகள். போதையில் விழுந்த கலைஞரை ஊர் எப்படிப் பார்க்கிறது என்பதில் நம் வாக்கியங்களுக்கும் பங்கு உண்டு.

முதல் நாள் எழுதக்கூடியதும் கூடாததும்

இறந்த அன்று உறுதியாகத் தெரிவது நான்குதான்: யார், எப்போது, எங்கே, அறிவித்தது யார். காரணம் தெரியாது. பிரேதப் பரிசோதனை ஒரு நாளில் முடிந்துவிடலாம். இரத்தத்தையும் உள்ளுறுப்புகளையும் நச்சுப் பகுப்பாய்வு செய்து முடிவு வரச் சில வாரங்கள் ஆகும், சில சமயம் மாதங்கள். அமெரிக்க ராக் பாடகர் டாம் பெட்டி 2017 அக்டோபர் 2 அன்று இறந்தார். வலி நிவாரணிகள் உள்ளிட்ட மருந்துகள் கலந்ததால் நேர்ந்த விபத்து என்று குடும்பம் அறிவித்தது 2018 ஜனவரியில். அதுவரை 'காரணம் அறிவிக்கப்படவில்லை' என்ற இரண்டு சொல் போதும். 'ஓவர்டோஸ் என்று கூறப்படுகிறது' என்று எழுதினால் கூறியது யார் என்ற கேள்விக்குப் பதில் இருக்க வேண்டும். இல்லையென்றால் கூறியது நீங்கள்தான்.

முடிவு வந்த பிறகு மழுப்பவும் கூடாது. பொருளின் பெயரைச் சொல்லுங்கள். அமெரிக்கப் பாடகர் பிரின்ஸ் 2016 ஏப்ரல் 21 அன்று இறந்ததற்குக் காரணம் ஃபென்டனில் என்ற மிக வீரியமான வலி நிவாரணி. அவர் விழுங்கியவை வைகோடின் என்ற வலி மாத்திரை போலவே செய்யப்பட்ட போலிகள் என்றும், உள்ளே ஃபென்டனில் இருந்தது அவருக்குத் தெரிந்திருந்ததற்கு ஆதாரம் இல்லை என்றும் 2018-இல் அரசு வழக்கறிஞர் அறிவித்தார். 'போதையில் இறந்தார்' என்று ஒற்றை வரியில் முடித்தால் அவரை வாட்டிய இடுப்பு வலியும் போலி மாத்திரையும் காணாமல் போய்விடும். வாசகர் மனத்தில் ஒரு கும்மாளம் மட்டும் மிஞ்சும். டாம் பெட்டியும் அப்படித்தான்: இடுப்பு எலும்பில் முறிவோடு 53 கச்சேரிகள் வாசித்து முடித்தவர்.

ஒரு வரம்பு உண்டு. எந்தப் பொருள் என்று சொல்லலாம்; எத்தனை மாத்திரை, எதோடு எதைக் கலந்தார், எப்படி ஏற்றிக்கொண்டார் என்ற செய்முறை வேண்டாம். அது செய்தி அல்ல, சமையல் குறிப்பு.

'ஆர்' விகுதி எங்கே தொலைகிறது?

தமிழுக்கே உரிய ஒரு வழுக்கல் இது. நேற்றுவரை 'பாடினார்', 'இசையமைத்தார்' என்று இருந்தவர் கைதான மறுநிமிடம் 'சிக்கினான்', 'உளறினான்' ஆகிவிடுகிறார். பெண்ணாக இருந்தால் 'ஆட்டம் போட்டாள்'. எழுதி முடித்ததும் வினைமுற்றுகளை மட்டும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். முதல் பத்தியில் 'ஆர்' என்றால் கடைசிப் பத்தி வரை 'ஆர்'.

அடுத்து பெயர்ச்சொற்கள். 'குடிகாரன்', 'கஞ்சா குடிக்கி', 'மொடாக்குடியன்' ஆகியவை ஆளையே பழக்கமாக்கிவிடும் சொற்கள். 'போதைக்கு அடிமை' என்பது கண்ணியமானதுபோலத் தெரியும். அதிலும் ஆள் அடிமைதான். 'போதைப் பழக்கத்துக்கு ஆளானவர்', 'ஹெராயின் பழக்கத்துக்குச் சிகிச்சை பெற்றுவந்தவர்' என்று எழுதினால் இரண்டு சொல் கூடும், அவ்வளவுதான். இது வெறும் நாசூக்கு என்று நினைப்பவர்களுக்கு: அமெரிக்காவில் 2010-இல் வெளியான ஓர் ஆய்வில் 500-க்கும் மேற்பட்ட மனநல நிபுணர்களிடம் ஒரே நோயாளியின் குறிப்பு இரண்டு விதமாகக் கொடுக்கப்பட்டது. பழக்கத்தையே ஆளின் பெயராக்கிய குறிப்பைப் படித்தவர்கள், அவர்மீதே பழிபோட்டுத் தண்டனைப் பக்கம் சாய்வது கூடுதலாக இருந்தது. படித்த நிபுணருக்கே இப்படி. அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் 2017-இல் தன் நடைக் கையேட்டில் 'அடிக்ட்' என்று ஆளைக் குறிப்பதைத் தவிர்க்கச் சொன்னது.

'சுத்தமாகிவிட்டார்' என்பதையும் விடுங்கள். அப்படியானால் முன்பு அழுக்கா? 'மூன்று வருடமாகத் தொடவில்லை' என்பது நல்ல தமிழ், கூடுதல் தகவலும்கூட.

தராசைச் சோதித்துப் பாருங்கள்

அமெரிக்க ஜாஸ் பாடகி பில்லி ஹாலிடே 1947-இல் போதைப்பொருள் வழக்கில் தண்டிக்கப்பட்டு மேற்கு வர்ஜீனியாவின் ஆல்டர்சன் சிறையில் இருந்தார். வெளியே வந்ததும் 1948 மார்ச்சில் கார்னகி ஹாலில் அரங்கு நிறைந்தது. ஆனால் அன்று நியூயார்க்கில் மது பரிமாறும் கிளப்புகளில் பாட போலீஸ் கொடுக்கும் கேபரே அட்டை என்ற அனுமதி அட்டை தேவைப்பட்டது. அது அவருக்கு மறுக்கப்பட்டது. ஜாஸ் பாடகிக்கு அன்றாடச் சோறு கிளப்பில்தான். 1959-இல் மருத்துவமனைக் கட்டிலிலேயே அவரைக் கைது செய்து வாசலில் காவல் போட்டார்கள். ஜூலை 17 அன்று அங்கேயே இறந்தார். வயது 44.

ரோலிங் ஸ்டோன்ஸ் ராக் குழுவின் கிதார் கலைஞர் கீத் ரிச்சர்ட்ஸ் 1977-இல் டொரண்டோவில் ஹெராயினோடு பிடிபட்டார். முதலில் போடப்பட்டது விற்பனை நோக்க வழக்கு. கடைசியில் வைத்திருந்ததாக மட்டும் ஒப்புக்கொண்டார். கிடைத்தது நன்னடத்தைக் கண்காணிப்பும், பார்வையற்றோர் அமைப்புக்காக ஒரு நிதிக் கச்சேரியும். 1979 ஏப்ரலில் ஒஷாவா நகரில் வாசித்துக் கணக்கை முடித்தார். இன்று அவர் போதைக் கதைகள் ரசிகர்களுக்குச் சிரிப்பு.

நாடும் காலமும் வேறு என்பது உண்மைதான். அவை முழு விளக்கமாகிவிடாது. கிதார் வாசிக்கும் வெள்ளையர் என்றால் முரட்டு அழகு. கறுப்பினப் பாடகி என்றால் குற்றவாளி. உங்கள் வாக்கியத்தை இப்படிச் சோதியுங்கள்: பெயரை எடுத்துவிட்டு உங்களுக்கு மிகப் பிடித்த கலைஞரின் பெயரைப் போடுங்கள். வாய் கூசினால் வாக்கியம் தவறு. எதிர்ப்பக்கமும் பாருங்கள், வியந்து எழுதிய 'கலகக்கார' வரியில் பிடிக்காத ஒருவர் பெயரைப் போட்டால் நிற்குமா?

27 வயதில் இறந்த இசைக்கலைஞர்களை ஒரே பட்டியலாக்கும் '27 கிளப்' என்ற பேச்சும் வேண்டாம். ஜிமி ஹெண்ட்ரிக்ஸ், ஜானிஸ் ஜோப்லின், ஜிம் மாரிசன், கர்ட் கோபேன், ஏமி ஆகிய ஐந்து பேரை வரிசையாக வைத்தால் விதி போலத் தெரியும். பிரிட்டனில் முதலிடம் பிடித்த ஆல்பங்களின் 1,046 கலைஞர்களை எடுத்துப் பார்த்து 2011-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஆய்வு, 27-இல் தனியாக எந்த உச்சமும் இல்லை என்றது. இருபதுகளிலும் முப்பதுகளிலும் மற்ற மக்களைவிட அவர்களுக்கு ஆபத்து கூடுதல் என்றும் சொன்னது. எழுத வேண்டியது அந்த இரண்டாவது செய்தி.

கைதுச் செய்தி

நம் ஊர்க் கலைஞர் கைதானால் 'கடத்தல்' என்று எழுதும் முன் பறிமுதல் அளவைக் கேளுங்கள். இந்தியாவின் 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் கஞ்சா 1 கிலோ வரை சிறிய அளவு, 20 கிலோவுக்கு மேல் வணிக அளவு. ஹெராயினுக்கு 5 கிராம், 250 கிராம். கொக்கெய்னுக்கு 2 கிராம், 100 கிராம். பயன்படுத்தியதற்கான 27-ஆம் பிரிவில் உச்ச தண்டனை பொருளைப் பொறுத்து ஆறு மாதம் அல்லது ஒரு வருடம். பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவுக்காகவோ வழக்கு வந்தவர் தானாக முன்வந்து சிகிச்சை எடுத்தால் வழக்கிலிருந்து விலக்கு பெற 64ஏ பிரிவு வழிவிடுகிறது. செய்திகளில் அதிகம் தலைகாட்டாத பிரிவு. ஒரு வரி ஒதுக்குங்கள். பிரிவு எண் கிடைக்கவில்லை என்றால் 'கைதானார்' என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

'மறுபடியும் ஆரம்பிச்சுட்டார்'

ஊர் அதிகம் கோபப்படுவது இங்கேதான். காசு கொட்டி வைத்தியம் பார்த்தும் திருந்தவில்லையே என்பார்கள். உடலில் நடப்பதைச் சொல்லிவிடுங்கள். சில வாரம் நிறுத்தினால் தாங்கும் சக்தி இறங்கிவிடும். நிறுத்துவதற்கு முன் எடுத்த அதே அளவு இப்போது மூச்சை நிறுத்திவிடலாம். அதனால்தான் மறுவாழ்வு மையத்தைவிட்டு வெளியே வந்த முதல் வாரங்கள் ஆபத்தானவை. ஏமியும் சில வாரம் குடிக்காமல் இருந்துவிட்டுத்தான் கடைசி நாட்களில் மறுபடி தொட்டார்.

ஹெராயின் வகைப் பழக்கத்துக்குப் புப்ரெநார்பின், மெதடோன் போன்ற மாற்றுமருந்து எடுப்பவரை 'ஒரு போதையை விட்டு இன்னொன்று' என்று எழுதாதீர்கள். அளவோடு கொடுக்கப்படும் சிகிச்சை அது; இந்தியாவில் அரசு மையங்களிலேயே கொடுக்கிறார்கள். பிரின்ஸுக்குச் சிகிச்சை தொடங்கக் கலிஃபோர்னியாவிலிருந்து அனுப்பப்பட்ட ஆள் புப்ரெநார்பினோடு வந்திறங்கிய காலையில்தான் அவர் உடல் கண்டெடுக்கப்பட்டது.

மேடையில் சொதப்பினால்

2011 ஜூன் 18, பெல்கிரேட். ஏமி வரிகளை மறந்தார், தள்ளாடினார், கூட்டம் கூச்சலிட்டது. சுற்றுப்பயணத்தின் மீதி ரத்தானது. டிக்கெட் வாங்கியவரின் கோபம் நியாயமானது. அதை மறைத்து எழுத வேண்டியதில்லை. ஆனால் அந்த நிலையில் இருந்தவரை மேடையேற்றும் முடிவு எப்படி எடுக்கப்பட்டது என்பதும் அதே செய்தியின் பாதி. தள்ளாடும் காணொளியை மட்டும் வெட்டிப் போட்டால் முதல் பாதி மட்டுமே பரவும்.

பழியை வீட்டுப் பெண்மீது இறக்குவது இன்னொரு வழக்கம். 2018-இல் ராப் பாடகர் மேக் மில்லர் இறந்தபோது அவருடைய முன்னாள் காதலியான பாடகி அரியானா கிராண்டேவை இணையத்தில் வறுத்தெடுத்தார்கள். மில்லரின் இரத்தத்தில் இருந்தவை ஃபென்டனில், கொக்கெய்ன், ஆல்கஹால். போலி மாத்திரை கைமாறிய வழக்கில் 2022-இல் தண்டனை பெற்றவர்கள் வேறு ஆட்கள்.

படமும் பின்னூட்டமும்

ஊசி, பவுடர், சுருட்டிய நோட்டு ஆகியவற்றின் படம் வேண்டாம்; விட முயல்கிறவருக்கு அந்தப் படமே ஏக்கத்தைக் கிளப்பும். மேடைப் படம் போடுங்கள். வீட்டு வாசலில் ஒளிந்து எடுத்தது வேண்டவே வேண்டாம். ஏமி 2009-இல் ஒரு புகைப்பட நிறுவனத்துக்கு எதிராக நீதிமன்றத் தடை வாங்கும் அளவுக்கு அது போயிருந்தது.

பதிவிட்ட முதல் சில மணி நேரம் பின்னூட்டங்களைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். 'செத்தால் நல்லது' வகையறாவை நீக்குங்கள். 'என் அண்ணனும் இப்படித்தான்' என்று யாராவது எழுதினால் உடனே பதில் போடுங்கள்: போதைமீட்புக்கான தேசிய உதவி எண் 14446, மனநல உதவிக்கு 14416, இரண்டும் கட்டணமில்லாதவை. பதிவின் அடியிலும் இவை இருக்கட்டும். 'அந்தக் காலத்தில் கொண்டாடினீர்களே' என்று உங்களையே திட்டும் பின்னூட்டத்தை நீக்காதீர்கள்.

ஆய்வு முடிவு வந்த அன்று புதுப் பதிவு போடுவதோடு நிறுத்தாமல் பழைய பதிவைத் திறந்து தலைப்பு, படக்குறிப்பு, இணைப்பு முகவரியில் உள்ள சொற்கள் மூன்றையும் மாற்றுங்கள். உள்ளே திருத்திவிட்டு முகவரியில் 'ஓவர்டோஸ்' என்று விட்டுவைத்தால் தேடுகிறவர் கண்ணில் பல வருடம் கழித்தும் படுவது அதுதான்.