அசையாத பொருளின் எடையை லோட் செல்லால் அளப்பது எப்படி

தட்டில் வைத்த தேங்காய் அசையவில்லை. பிறகு தராசு எதைப் பார்த்து எடை சொல்கிறது? வளைவைப் பார்த்து. தேங்காய் அழுத்த, அடியிலிருக்கும் அலுமினியக் கட்டை (இதுதான் லோட் செல்) வளைந்து அதே விசையோடு மேலே தள்ளுகிறது. இரண்டும் சமமானதும் அசைவு நின்றுவிடும். வளைவு அப்படியே இருக்கும்.

அந்த வளைவு கண்ணுக்குத் தெரியாது. கட்டையில் ஒட்டிய ஸ்ட்ரெய்ன் கேஜ் (நீண்டால் மின்தடை கூடும் மெல்லிய படலம்) ஆயிரத்தில் ஒரு பங்கு நீண்டால், 350 ஓம் மின்தடை 350.7 ஆகும், அவ்வளவுதான். இதைப் பிடிக்கத்தான் நான்கு கேஜ்களை வீட்ஸ்டன் பிரிட்ஜாக (மின்தடையின் சிறு மாற்றத்தை மின்னழுத்தமாகக் காட்டும் சுற்றாக) இணைக்கிறார்கள்: இரண்டு நீளும், இரண்டு சுருங்கும்.

வோல்ட்டுக்கு 1 மில்லிவோல்ட் தரும் 5 கிலோ லோட் செல்லுக்கு 5 வோல்ட் கொடுத்தால், முழுச் சுமையில் கிடைப்பது 5 மில்லிவோல்ட். கிராமுக்கு 1 மைக்ரோவோல்ட்! எண்ணைப் படிக்கும் சிறு கணினி போர்டான ஆர்டுயினோ ஊனோ பிரித்தறியும் ஒரு படியே சுமார் 4.9 மில்லிவோல்ட் என்பதால், நடுவில் சிக்னலைப் பெருக்கி எண்ணாக மாற்றும் எச்எக்ஸ்711 போர்டு கட்டாயம் வேண்டும்.

பெரும்பாலும் தப்பு நடப்பது பொருத்தும்போதுதான். கட்டையை அப்படியே பலகையில் படுக்கவைத்து முடுக்கினால் வளைய இடமே இருக்காது. ஒரு முனையை மட்டும் 2–3 மி.மீ. வாஷர் வைத்து அடிப்பலகையில் இறுக்குங்கள். மறுமுனையில், அதேபோல வாஷர் வைத்து, மேலே தட்டு. கட்டையிலுள்ள அம்புக்குறி கீழ்நோக்கி இருக்கட்டும். தட்டு பெட்டியில் உரசினாலோ ஒயர் இழுத்துப் பிடித்தாலோ, எடையில் ஒரு பங்கு அந்த வழியாக இறங்கி, அளவு குறைவாகக் காட்டும்.

இனி லோட் செல்லின் ஒயர்களை எச்எக்ஸ்711-ல் இணையுங்கள்; அதில் இ (E) சப்ளை, ஏ (A) சிக்னல்: சிவப்பு இ+, கறுப்பு இ−, பச்சை ஏ+, வெள்ளை ஏ−. நிறம் மாறியிருந்தால் மல்டிமீட்டரில் இரண்டிரண்டாகப் பாருங்கள்: மின்தடை அதிகம் காட்டும் இரு ஜோடிகளில் ஒன்று சப்ளை, மற்றது சிக்னல். எடை வைத்ததும் எண் இறங்கினால் ஏ+, ஏ− ஒயர்களை மாற்றுங்கள்.

பத்து நிமிடம் சூடாகவிட்டு, வெறும் தட்டில் 20 அளவீடுகளின் சராசரி எடுங்கள். பிறகு 2 கிலோ படிக்கல். வித்தியாசத்தை 2000-ஆல் வகுத்தால் ஒரு கிராமுக்கான எண். படிக்கல்லுக்குப் பதில் ஒரு லிட்டர் தண்ணீரை 1 கிலோ என்று எடுக்காதீர்கள். 30 டிகிரியில் அது 996 கிராம்தான்.

அடுத்து 500 கிராமும் 4 கிலோவும் வைத்துச் சரிபாருங்கள். ஒரே கல்லைத் தட்டின் நான்கு மூலையிலும் வையுங்கள். மூலைக்கு மூலை எண் மாறினால் தட்டு பெரிது, அல்லது போல்ட் தளர்வு.

எடையை வெகுநேரம் விட்டால் எண் மெல்ல நகரும்; உலோகமும் பசையும் சற்றே இளகிக்கொடுப்பதால் அப்படி. எடுத்ததும் மெல்லச் சுழிக்குத் திரும்பும். பல மணி நேரம் கழித்தும் திரும்பவில்லையென்றால், யாரோ பாரத்தைத் தொப்பென்று போட்டுக் கட்டை நிரந்தரமாக வளைந்திருக்கும். அந்த செல்லை மாற்றிவிடுங்கள்.