இக்வானா புண்ணுல சீழ் புடிச்சிருச்சா? மருந்துக்கு முன்னாடி சூட்ட பாருங்க

நாய்க்கு மாட்டுக்கு வர்ற மாதிரி இக்வானாவுக்கு (பாக்க உடும்பு மாதிரி இருக்கற வெளிநாட்டு பல்லி) சீழ் ஒழுகாதுங்க. பனீர் துண்டு மாதிரி கெட்டியா உள்ளயே உறைஞ்சு நிக்கும். அதனால தாடையிலயோ கால்லயோ வாலடியிலயோ ஒரு கட்டி வந்தா, பழுத்து தானா உடையும்னு காத்திருக்கறதுல ஒரு பிரயோஜனமும் இல்ல, ஊசி மருந்தும் அந்த கெட்டிக்குள்ள சரியா போய் சேராது, டாக்டர் மயக்கம் குடுத்து கீறி முழுசா சுரண்டி எடுத்தா தான் உண்டு. வீட்ல வச்சு பிதுக்காதீங்க, உள்ள தள்ளி விட்டீங்கன்னா இன்னும் மோசம். மேலாப்புல இருக்க காயம்னா மட்டும் வீட்ல சுத்தம் பண்ணி பாத்துக்கலாம், அதுவும் டாக்டர் ஒரு தடவ பாத்த பிறகு.

இப்ப சூடு. இது குளிர் ரத்தப் பிராணி, உடம்பு சூடா இருந்தா தான் அதோட எதிர்ப்பு சக்தியே வேலை செய்யும், குடுக்கற மருந்தும் ஒழுங்கா பிடிக்கும். வெயில் காயற இடம் 35லேருந்து 38 டிகிரி, கூண்டோட மத்த பக்கம் 27, 28, ராத்திரி 24க்கு கீழ இறங்கக் கூடாது. செட்டிநாட்டு வெயில்ல சூட்டுக்கு என்ன பஞ்சம்னு தோணும், ஆனா நம்ம பழைய வீடெல்லாம் கட்டுனதே சூடு உள்ள வரக்கூடாதுன்னு தானே, தடி செவுரு, ஒசந்த கூரை, கீழ ஆத்தங்குடி கல்லு, சித்திரை மாசத்துலயும் கால் வச்சா ஜில்லுன்னு இருக்கும். நமக்கு சொகம், இக்வானாவுக்கு வயிறு வழியா சூடு பூரா தரைக்கு போயிரும். அதனால கூண்ட தரையில வைக்காம மரப்பலகை மேல தூக்கி வைங்க, கைய வச்சு உத்தேசமா பாக்காம ஒரு டெம்பரேச்சர் கன் வாங்கி அளந்து பாருங்க. லைட்ட கம்பிக்கு வெளிய கட்டுங்க, ஏன்னா நிறைய புண்ணு பல்புல ஒட்டி சுட்டுக்கிட்டது தான். ஹீட் ராக்னு கரண்ட்ல சூடாகற கல்லு ஒண்ணு விக்கறாங்களே, அது வேண்டவே வேண்டாம், வயிறு வெந்து போற வரைக்கும் அதுக்கு தெரியாது.

காலையில வளவுல (வீட்டு முற்றத்துல) இளவெயில் படற நேரம் கம்பிக்கூண்டோட வெளிய வைக்கலாம், அதுக்கு வேண்டிய யூவிபிங்கற புற ஊதாக் கதிர் கிடைக்கும் (கண்ணாடி வழியா வர்ற வெயில்ல அது கிடைக்காது). பாதி கூண்டுக்கு நிழல் இருக்கணும், காக்கா பூனைக்கு ஒரு ஆள் காவல் இருக்கணும். கண்ணாடித் தொட்டிய மட்டும் வெயில்ல வச்சிராதீங்க, கொஞ்ச நேரத்துல உள்ள அவிஞ்சு போயிரும். ராத்திரி கரண்ட் போனா வெந்நி பாட்டில துண்டுல சுத்தி பக்கத்துல வைங்க.

பூனை நாய் கடிச்ச காயம்னா இதெல்லாம் படிச்சிட்டு உக்காந்திருக்காதீங்க, சின்ன ஓட்டையா தெரிஞ்சாலும் அன்னைக்கே தூக்கிட்டு ஓடுங்க.

சுத்தம் பண்றதுக்கு ரெண்டு பேர் வேணும். துண்டுல கால் நாலயும் ஒடம்போட சேத்து சுருட்டிக்கங்க, வால இழுத்து பிடிக்காதீங்க, அறுந்து கையோட வந்துரும், சும்மா விட்டா சவுக்கு கணக்கா அடிக்கும். மூடின கண்ணு மேல பஞ்சு வச்சு லேசா துணி சுத்தினா பெரும்பாலும் அடங்கிரும். மெடிக்கல்ல 0.9 சதவீத நார்மல் சலைன் பாட்டில் வாங்கி, வெதுவெதுப்பாக்கி, ஊசி இல்லாத சிரிஞ்சுல அடிச்சு கழுவுங்க. அப்புறம் போவிடோன் அயோடின் லிக்விட் ஒரு பங்குக்கு பத்து பங்கு தண்ணி விட்டு காஸ் துணியில ஒத்தி எடுங்க, அப்படியே ஊத்தினா சதை வெந்துரும். ஈரம் ஒத்திட்டு சில்வர் சல்ஃபாடயசின் க்ரீம் மெல்லிசா தடவுங்க, டாக்டர் வேற சொன்னா அது. ஸ்பிரிட், டெட்டால், ஹைட்ரஜன் பெராக்சைடு மூணும் கிட்டவே வரக்கூடாது. கடைக்காரர் நல்லெண்ணத்துல ஒரு சொறி படை ட்யூப எடுத்து நீட்டுவாரு, அதுல ஸ்டீராய்டு கலந்திருந்தா கிருமிக்கு தான் கொண்டாட்டம். மரத்துப்போற மருந்து கலந்ததும் வேண்டாம். அப்பத்தா மஞ்சப்பத்து போடச் சொல்லுவாங்க, மறுத்து பேசறது கஷ்டம் தான், ஆனா அது காஞ்சு பொருக்கு கட்டி அடியில என்ன நடக்குதுன்னே தெரியாம மறைச்சிரும். தேங்கா எண்ணெயில அழுக்கு ஒட்டும்.

கூண்டுல தேங்கா நார், மண்ணு எல்லாத்தையும் எடுத்துட்டு நியூஸ்பேப்பர் விரிச்சு தினம் மாத்துங்க. சுத்தி கொசுவலை கட்டாயம், நம்ம ஊரு ஈ ஒண்ணு முட்டை வச்சிட்டா மறுநாளே புண்ணுல புழு. தொட்டித்தண்ணியில ஊற வைக்கறத புண்ணு ஆறற வரை நிறுத்துங்க, தண்ணியில எறங்கினதும் வெளிக்கி போற பழக்கம் அதுக்கு. பதிலா கீரைய ஈரத்தோட குடுங்க. முருங்கைக்கீரை, செம்பருத்தி இலை பூ, பரங்கிக்காய் துருவல் போதும், பாலக்கீரைய தவிருங்க, முட்டை கறி குடுத்து தேத்தறேன்னு கெளம்பிராதீங்க, கிட்னி போயிரும்.

டாக்டர்னு போனா காரைக்குடியில நாய் பூனை பாக்கறவங்க தான் அதிகம், புதுக்கோட்டை தாண்டி ஒரத்தநாட்டுல அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கு, இக்வானா பாப்பாங்களான்னு ஃபோன்ல கேட்டுக்கிட்டு கெளம்புங்க. ஓட்டை போட்ட அட்டைப்பெட்டி, உள்ள துண்டு, கார்ல ஏசி போடாதீங்க. என்ரோஃப்ளாக்சசின், செஃப்டாசிடிம் மாதிரி கிருமிய கொல்ற ஊசி எழுதுவாங்க, எடை பாத்து தான் அளவு, செஃப்டாசிடிம் மூணு நாளைக்கு ஒரு தடவ தான் போடுவாங்க, மறந்துட்டாங்கன்னு நெனச்சு நடுவுல நீங்க ஒண்ணு போட்டுறாதீங்க. ஊசிய பெரும்பாலும் முன்னங்கால்ல தான் போடுவாங்க, பின்னங்கால் ரத்தம் நேரா கிட்னி வழியா போறதால. பாரசிட்டமால், டைக்ளோஃபினாக் எதுவும் வீட்லேருந்து குடுக்காதீங்க.

சாப்பாட்ட தொடாம சுருண்டு கிடந்தா, தோல் கருத்துப்போயி சிவப்பு புள்ளி வந்தா, வால் நுனியோ விரலோ கருப்பா காஞ்சு மேல ஏறிட்டே வந்தா, ராத்திரினு பாக்காதீங்க.

வர்றவங்க போறவங்க எல்லாம் 'உடும்பா?'னு கேப்பாங்க. உடும்பு 1972 வனவிலங்கு சட்டத்துல முதல் அட்டவணை, வச்சிருந்தாலே கேஸு. இக்வானாவுக்கும் 2024 விதிப்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தோட பரிவேஷ் போர்ட்டல்ல பதிவு இருக்கணும், அந்த பேப்பர ஃபோன்ல வச்சுக்கங்க. தொட்ட பிறகு சோப்பு போட்டு கை கழுவுங்க, சால்மோனெல்லாங்கற வயித்துப்போக்கு கிருமி இருக்கும், பச்சப்புள்ளையும் மாசமா இருக்கவங்களும் தள்ளியே இருக்கட்டும், புண்ணு கழுவுன துணிய சமையக்கட்டு தொட்டியில அலசாதீங்க.

ஆற வாரக்கணக்குல ஆகும். தோல் உரியும்போது புண்ணு ஓரத்துல ஒட்டி நிக்கறத பிய்க்காதீங்க. தையல் போட்டிருந்தா நமக்கு பிரிக்கற மாதிரி பத்து நாள்ல பிரிக்க சொல்லி நிக்காதீங்க, 6 வாரமாவது விடுவாங்க.