ரோமானிய ஏழையின் சாப்பாட்டை வீட்டில் செய்வது எப்படி

ரோமானியச் சாப்பாடு என்றதும் மயில் வறுவலும், மஞ்சத்தில் சாய்ந்தபடி திராட்சை கொறிக்கும் செனட்டரும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். அந்த விருந்தில் எனக்கு அக்கறை இல்லை. கி.பி. முதல் நூற்றாண்டில் ரோம் நகரில் சுமார் 10 லட்சம் பேர் வாழ்ந்தார்கள் என்பது ஆய்வாளர்கள் பரவலாகச் சொல்லும் கணிப்பு. அவர்களில் மயிலைச் சுவைத்தவர்கள் மிகச் சிலர். மற்றவர்களின் வயிற்றை நிரப்பியது கோதுமை. அதுவும் பெரும்பாலும் எகிப்திலிருந்தும் வட ஆப்பிரிக்காவிலிருந்தும் கப்பலில் வந்த கோதுமை. முதல் பேரரசர் அகஸ்டஸ் காலத்தில் ஏறத்தாழ 2 லட்சம் குடிமக்களுக்கு மாதம் 5 மோடியஸ், அதாவது சுமார் 33 கிலோ, அரசே இலவசமாக அளந்தது.

அளந்தது மாவை அல்ல, மணியை. அடுக்குமாடியின் மேல்தளத்தில் ஒற்றை அறையில் இருந்தவனுக்குத் திரிகையும் கிடையாது, அடுப்பும் கிடையாது. அவன் ரொட்டிக்கடையையும் தெருமுனை உணவுக்கடையையும் நம்பித்தான் வாழ்ந்தான். ஆகவே நாம் பின்பற்றப்போவது கிராமத்து விவசாயி ஒருவனின் காலைச் சமையலை. ரோமானியக் கவிஞர் வர்ஜிலின் பெயரில் வழங்கிவரும் ‘மொரேட்டம்’ என்ற லத்தீன் கவிதையில் சிமுலஸ் என்பவன் விடியுமுன் எழுந்து மாவு அரைப்பதிலிருந்து கலப்பையுடன் வயலுக்குக் கிளம்புவது வரை எல்லாம் வரிசையாக இருக்கிறது. சமையல் குறிப்பாகவே அதைப் பின்பற்றலாம்.

முதல் வேலை, சமையலறையிலிருந்து தக்காளி, உருளைக்கிழங்கு, மிளகாய், மக்காச்சோளம் நான்கையும் கண்ணில் படாமல் ஒதுக்கி வைப்பது. அமெரிக்கக் கண்டத்துப் பயிர்களான இவற்றை எந்த ரோமானியனும் கண்டதில்லை. சர்க்கரையும் அரிசியும் அங்கே மருந்துச் சரக்கு, அவையும் வேண்டாம். மிளகு? முசிறியில் கப்பலேறிய நம் மிளகு பணக்காரச் சமையலில் எங்கும் இருந்தது. ஒரு ராத்தல் கருமிளகு 4 தெனாரியஸ் (ரோமானிய வெள்ளிக்காசு) என்று ரோமானிய எழுத்தாளர் மூத்த பிளினி எழுதிவைத்திருக்கிறார். ஆனால் சிமுலஸின் உரலில் ஒரு மணி மிளகுகூட விழவில்லை. பெருமைக்காக நீங்களும் போடாதீர்கள்.

ரொட்டி எளிது. முழுக்கோதுமை மாவைச் சலித்து, உப்பும் வெதுவெதுப்பான நீரும் விட்டுக் கெட்டியாகப் பிசையுங்கள். சிமுலஸ் புளிக்கவைத்ததாகக் கவிதை சொல்லவில்லை, நாமும் புளிக்கவைக்க வேண்டாம். உள்ளங்கையால் விரல் தடிமனுக்கு வட்டமாகத் தட்டி, மேலே கத்தியால் குறுக்கும் நெடுக்குமாக அழுத்திக் கோடு போடுங்கள். எரிமலைச் சாம்பலில் புதைந்த பாம்பேய் நகரில் கரியாகிக் கிடைத்த ரொட்டிகளிலும் இப்படிப் பிட்டெடுக்கக் கோடுகள் உண்டு, அங்கே எட்டுத் துண்டு. சிமுலஸ் அடுப்புத்தரையில் வைத்து ஓட்டால் மூடி, ஓட்டின் மேல் நெருப்பைக் குவித்தான். நமக்குக் கனமான தோசைக்கல்லும் கவிழ்த்த மண்சட்டியும் போதும். சிறுதீயில் இரண்டு பக்கமும் நிதானமாக வேகட்டும். அவசரப்பட்டால் மேலே கருகும், நடுவில் மாவாகவே இருக்கும்.

இனி மொரேட்டம். சுருக்கமாகச் சொன்னால் பூண்டுத் துவையல்தான், தேங்காய்க்குப் பதில் பாலாடைக்கட்டி. சிமுலஸ் தோட்டத்திலிருந்து நான்கு முழுப்பூண்டைப் பிடுங்கி வருகிறான். மறுநாள் நாலு பேரைச் சந்திக்க வேண்டியவர்கள் ஆறு பல்லோடு நிறுத்திக்கொள்ளலாம். உடன் ஒரு கைப்பிடி கொத்தமல்லித் தழை, கொஞ்சம் செலரி இலை. அவன் அருவதாவும் சேர்க்கிறான். அது கசப்பு மூலிகை, கருவுற்றவர்களுக்கு ஆகாது, நான் போடுவதில்லை. பாலாடைக்கட்டி 150 கிராம், உப்புக்கரிக்கும் கெட்டி வகையாக இருக்க வேண்டும். கடையில் ஃபெட்டா கிடைத்தால் நல்லது. பன்னீர்தான் கிடைக்கிறது என்றால் உதிர்த்து உப்புப் பிசறி, துணியில் கட்டி, இரவு முழுக்கக் கல்லின் கீழ் வைத்துக் குளிர்பெட்டியில் விடுங்கள். உப்பில்லாத பன்னீர் பூண்டுக்கு ஈடுகொடுக்காது.

மிக்ஸி வேண்டாம். பூண்டு கூழாகிக் கசக்கும். அம்மியோ சிறிய கல்லுரலோ எடுங்கள். முதலில் பூண்டும் உப்பும், பிறகு பாலாடைக்கட்டி, அதன் மேல் தழைகள். குழவியைச் சுழற்றிச் சுழற்றி நசுக்க வேண்டும். காரநெடி மூக்கில் ஏறும். சிமுலஸுக்கும் ஏறுகிறது: புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒரு பாவமும் அறியாத அடுப்புப் புகையைத் திட்டுகிறான். இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய ஒரு காலை நேரத்தை இவ்வளவு பக்கத்தில் காட்டும் வரிகளை நான் அதிகம் படித்ததில்லை.

எப்போது நிறுத்துவது என்பதையும் கவிதையே சொல்கிறது. ஒவ்வொன்றும் தன் நிறத்தை இழந்து எல்லாம் ஒரே நிறமாகும். ஆனால் பால்வெண்மை விட்டுக்கொடுக்காததால் முழுப்பச்சையும் இல்லை, தழைகள் கலந்ததால் முழுவெள்ளையும் இல்லை. அந்தப் பதத்தில் ஆலிவ் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு, திராட்சை வினிகர் துளியளவு சேர்த்து மறுபடி அரையுங்கள். கடைசியில் இரண்டு விரலால் உரலைச் சுற்றி வழித்து ஒரே உருண்டையாக்குங்கள். சூடான ரொட்டியைப் பிட்டுத் தொட்டுக்கொள்ள வேண்டியதுதான். முள்கரண்டி அவர்கள் சாப்பாட்டு மேசையில் கிடையாது. கையால் சாப்பிட நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

குடிக்க போஸ்கா: ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி திராட்சை வினிகர். படைவீரர்களின் பானம் இது. எனக்குப் பிடிக்காது, ஆனால் வெயிலில் தாகம் அடங்குகிறது.

பூண்டென்றால் ஓடும் பிள்ளைகளுக்கு மிச்சப் பன்னீரில் லிபும் என்ற பாலாடைக்கட்டி அப்பம் செய்யலாம். ரோமானிய அரசியல்வாதி கேட்டோ கி.மு. 160 வாக்கில் எழுதிய வேளாண்மை நூலில் உள்ள அளவு இது: பாலாடைக்கட்டி இரண்டு பங்கு, கோதுமை மாவு ஒரு பங்கு, ஒரு முட்டை. 200 கிராம் உப்பிடாத பன்னீருக்கு 100 கிராம் மாவும் ஒரு சிறிய முட்டையும் சரியாக இருக்கும். பன்னீரை முதலில் நன்றாக மசித்துவிட வேண்டும், அது முக்கியம். அவர் அடியில் இலை பரப்பச் சொல்கிறார், எந்த இலை என்று சொல்லவில்லை; நம் பிரிஞ்சி இலையைப் பரப்பினால் கெட்டுப்போகாது. ஓவனில் 180 டிகிரியில் அரை மணிக்கு மேல், மேற்புறம் பொன்னிறமாகும்வரை விடுங்கள். சூடாகவே தின்றுவிட வேண்டும். ஆறினால் ரப்பர்.