ஸ்டீம் கல்வி: பெட்டியை வாங்கிவிட்டுப் பாடத்தைத் தேடாதீர்கள்

பள்ளியில் ஸ்டீம், அதாவது அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கலை, கணிதம் ஆகிய ஐந்தையும் இணைத்துக் கற்பிக்கும் முறை, தொடங்கலாம் என்று முடிவானதும் பெரும்பாலும் முதலில் கேட்கப்படுவது விலைப்பட்டியல். ரோபோ கிட், முப்பரிமாண அச்சு இயந்திரம், சுவரெல்லாம் ஓவியம், திறப்பு விழா. எந்த வகுப்பு, எந்தப் பாடத்துக்காக, வாரத்தில் எப்போது அந்த அறைக்குப் போவது என்பதை யாரும் எழுதி வைப்பதில்லை. உடைந்தால் யார் பதில் சொல்வது என்ற பயத்தில் சாவி தலைமையாசிரியர் மேசையிலேயே தங்கிவிடுகிறது.

வரிசையை மாற்றுங்கள். இந்தப் பருவத்தில் ஏற்கெனவே நடத்தவிருக்கும் பாடங்களில் வகுப்புக்கு இரண்டை மட்டும் எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் குழந்தைகள் அளந்தோ செய்தோ பார்க்க வேண்டிய ஒரு கேள்வியை எழுதுங்கள். பொருள் பட்டியல் அதற்குப் பிறகு. 40 பேர் வகுப்பில் நால்வர் குழு என்றால் பத்துத் தொகுப்பு வேண்டும். விலை உயர்ந்த ஒரு ரோபோவை 40 பேர் எட்டிப் பார்ப்பதைவிட, எல்லார் கையிலும் மலிவான பொருள் இருப்பதே மேல். 2022 நவம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய வானவில் மன்றமும் அரசுப் பள்ளிகளின் 6 முதல் 8 வரையான வகுப்புகளுக்கு எளிய பொருள் சோதனைகளைத்தான் கொண்டுபோனது.

பணம் முழுவதையும் முதல் ஆண்டிலேயே செலவழிப்பது அடுத்த தவறு. மாணவர்கள் தாங்களே செய்து பார்க்கும் கூடங்களைப் பள்ளிகளில் அமைக்க மத்திய அரசு 2016இல் தொடங்கிய அடல் டிங்கரிங் லேப் திட்டத்தில்கூட 20 லட்சம் ரூபாய் வரையான மானியம், அமைக்க ஒரு பங்கு, ஐந்தாண்டு நடத்த ஒரு பங்கு என்று பிரித்தே தரப்பட்டது. பேட்டரி, எல்.இ.டி., ஒயர், பசை எல்லாம் தீர்ந்துபோகும் பொருள்கள். ஆண்டுதோறும் அவற்றுக்குத் தனியாகப் பணம் ஒதுக்காவிட்டால் இரண்டாம் ஆண்டில் அறை காட்சிப்பொருள் ஆகிவிடும்.

எல்லாவற்றையும்விட அதிகம் நடக்கும் தவறு கலையில்தான். வினிகரும் சமையல் சோடாவும் பொங்கும் எரிமலைக்குப் பச்சை பெயிண்ட் அடித்து, கலை சேர்ந்துவிட்டது என்கிறார்கள். பெயிண்டை எடுத்துவிட்டாலும் பாடம் மாறாது என்றால் அங்கே கலை இல்லை.

கலை உள்ளே இருந்தால் எப்படி இருக்கும்? சிக்குக் கோலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி 1970களில் கோலங்களைக் கணித நோக்கில் ஆராய்ந்தார். அது நம் வகுப்பறைக்கும் இறங்கி வரும். செவ்வகமாகப் புள்ளி வையுங்கள். அடுத்தடுத்த இரு புள்ளிகளுக்கு நடுவில் ஒவ்வொரு முறையும் கோடுகள் சாய்வாகக் குறுக்கிட்டுப் போக வேண்டும், ஓரத்தில் வளைந்து திரும்ப வேண்டும்; விதி அவ்வளவுதான். 3×4 புள்ளிக்கு ஒரே கோட்டில் கோலம் முடியும். 4×6க்கு இரண்டு கோடு, 3×3க்கு மூன்று. எத்தனை கோடு வரும் என்பது அந்த இரு எண்களின் மீப்பெரு பொதுக்காரணி. விடையைக் கரும்பலகையில் முதலிலேயே எழுதிவிடாதீர்கள். ஒவ்வொரு குழுவும் நான்கைந்து அளவில் போட்டு அட்டவணையில் நிரப்பட்டும். ஆறாம் வகுப்புக் குழந்தைகளே கண்டுபிடிப்பார்கள். சரியாக வரைந்தால்தான் எண்ணிக்கை சரியாக வரும். ஆகவே ஓவிய ஆசிரியரும் கணக்கு ஆசிரியரும் ஒரே நேரத்தில் வகுப்பில் இருக்க வேண்டும்.

இசைக்கும் இப்படி ஒன்று உண்டு. ஒயரிங் வேலைக்கு வாங்கும் 20 மி.மீ. பி.வி.சி. குழாயை அறுத்து, ஒரு முனையைக் களிமண்ணால் அடைத்து, மறுமுனையின் மேல் ஊதுங்கள். நீளம் பாதியானால் ஒலி சரியாக மேல் ஸ்தாயிக்குப் போகும் என்பது சூத்திரம். ஆனால் உள்ளே 20 செ.மீ. காற்று இருக்கும் குழாயையும் 10 செ.மீ. குழாயையும் ஒப்பிட்டால், சின்னது மேல் ஸ்தாயியைத் தொடாமல் சற்றுக் கீழே நிற்கும். வாய்ப்பகுதிக்கு வெளியே கொஞ்சம் காற்றும் சேர்ந்து அதிர்வதுதான் காரணம். ஸ்ருதி சேரும்வரை சின்னக் குழாயின் களிமண்ணைச் சில மில்லிமீட்டர் உள்ளே தள்ள வேண்டியிருக்கும். காது கேட்கும் துல்லியம் சூத்திரத்தின் குறையைக் காட்டிக்கொடுக்கிறது. ஒவ்வொரு செயலிலும் ஐந்து துறையையும் திணிக்க வேண்டியதில்லை. இரண்டு ஆழமாகச் சேர்ந்தால் போதும்.

45 நிமிடப் பாடவேளையில் பொருள் கொடுக்கவும் திரும்ப வாங்கவுமே கால் மணி நேரம் போய்விடும். இரண்டு பாடவேளையை அடுத்தடுத்து வையுங்கள். ஓவிய ஆசிரியர் பகுதிநேரமாக வருபவர் என்றால் அவர் வரும் நாளைப் பார்த்தே கால அட்டவணை போட வேண்டும்.

மின்னணுச் செயல்கள் பாதியில் நிற்பதற்குக் காரணங்கள் அநேகமாக இவைதான். ஆர்டுயினோ என்பது கணினியில் எழுதிய புரோகிராமை ஏற்றி இயக்கும் சிறிய மின்னணுப் பலகை. விலை குறைந்த ஆர்டுயினோ பலகைகள் பலவற்றில், கணினியோடு யு.எஸ்.பி. வழியாகப் பேச சி.எச்.340 என்ற சில்லு இருக்கும். கணினியில் அதற்கான டிரைவர் மென்பொருள் இல்லாவிட்டால் பலகை இணைந்த போர்ட்டே தெரியாது. வகுப்புக்கு முந்தைய நாளே எல்லாக் கணினியிலும் போட்டுப் பாருங்கள். 5 வோல்ட் முனையில் எல்.இ.டி.யை நேரடியாக இணைக்கக் கூடாது, தொடரில் 220 ஓம் மின்தடை வேண்டும். சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்கும் சர்வோ மோட்டாருக்குப் பலகையிலிருந்தே மின்சாரம் எடுத்தால் மோட்டார் இழுக்கும்போது பலகை ரீசெட் ஆகிவிடலாம். குழந்தைகள் புரோகிராமில் தப்பைத் தேடிக்கொண்டிருப்பார்கள்! மோட்டாருக்கு நான்கு ஏ.ஏ. செல் தனியாகக் கொடுத்து, செல் தொகுப்பின் எதிர்முனையையும் பலகையின் கிரவுண்ட் முனையையும் இணையுங்கள். 9 வோல்ட் சதுர பேட்டரி மோட்டாருக்கு ஆகாது. தேவையான மின்னோட்டத்தை அதனால் தர முடியாது.

கிட் விற்ற நிறுவனம் நடத்தும் ஒரு நாள் பயிற்சியை மட்டும் நம்பாதீர்கள். வகுப்பில் செய்யப்போவதை ஆசிரியர் அதே பொருளால் ஒருமுறை தானே செய்து முடித்திருக்க வேண்டும்.

குழுவுக்குள்ளும் கவனம் தேவை. சும்மா விட்டால் சால்டரிங் இரும்பு பையன்கள் கையிலும், சார்ட் எழுதி அலங்கரிக்கும் வேலை பெண்பிள்ளைகளிடமும் போய்விடும். செய்பவர், அளப்பவர், குறிப்பவர், பொருள் பொறுப்பாளர் என்று வேலை பிரித்து, ஒவ்வொரு வகுப்பிலும் மாற்றுங்கள்.

மதிப்பெண்ணை முடிந்த மாதிரியின் அழகுக்குக் கொடுத்தால் அப்பா அம்மா செய்து அனுப்புவார்கள். நோட்டைப் பாருங்கள்: முதல் வரைபடம், என்ன நடக்கும் என்ற ஊகம், அளவு, பிறகு எதை மாற்றினார்கள், ஏன். கண்காட்சியில் வேலை செய்யாத முதல் மாதிரியையும் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள். கடையில் வாங்கி வந்தவர்களிடம் அது இருக்காது.