கிளையன்டை கமிட் பண்ணாதீர்கள்

"ஐ ஹேவ் கமிட்டெட் த கிளையன்ட் தட் வீ வில் டெலிவர் பை ஃப்ரைடே." சென்னை, பெங்களூரு அலுவலகங்களில் இப்படி ஒரு மின்னஞ்சல் போகாத வாரம் இருக்காது. நம்மவர்களுக்குப் படித்த உடனே புரிந்துவிடும்: வெள்ளிக்கிழமைக்குள் முடித்துத் தருவதாகச் சொல்லியாகிவிட்டது. அதையே லண்டனிலோ சிகாகோவிலோ உட்கார்ந்து படிப்பவர் கொஞ்சம் தடுமாறுவார். கிளையன்டை நீங்கள் ஏதோ ஒரு பொறுப்பில் மாட்டிவிட்டதாகத்தான் அவருக்கு அர்த்தமாகும்.

'கமிட்' என்கிற இந்தச் சொல்லில் நாம் செய்கிற தவறுகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தில் கிளம்புகின்றன. "அவருக்கு வாக்குக் கொடுத்தேன்" என்கிற தமிழ் வாக்கியத்தில் வினையை மட்டும் எடுத்துவிட்டு 'கமிட்'டை வைத்துவிடுகிறோம். வாக்கு என்றால் யாருக்கு, என்னவென்று என இரண்டும் வேண்டும். ஆங்கிலத்தில் அந்த இரண்டையும் தாங்குகிற சொல் 'ப்ராமிஸ்'. "ஐ ப்ராமிஸ்ட் த கிளையன்ட் தட் வீ வுட் டெலிவர் பை ஃப்ரைடே" என்று எழுதினால் எங்கேயும் இடிக்காது.

'கமிட்' கேட்பது வேறு கேள்வி: எதற்குக் கட்டுப்பட்டீர்கள்? அந்த 'எதற்கு' என்பதன் முன்னால் 'டு' வரும். "வீ ஹேவ் கமிட்டெட் டு எ ஃப்ரைடே டெலிவரி." தேதியைச் சொல்லும்போதும் அதேதான், "கமிட் டு எ டேட்". சரி, ஆளுக்கு முன்னாலும் ஒரு 'டு' போட்டுவிட்டால் ஆயிற்றா என்றால், "கமிட்டெட் டு த கிளையன்ட்" என்பதற்கு அந்தக் கிளையன்டிடம் விசுவாசமாக இருக்கிறோம் என்று பொருள் போய்விடும். அது நல்ல குணம்தான், ஆனால் வெள்ளிக்கிழமையைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. 'தட்' போட்டு ஒரு முழு வாக்கியத்தை இணைக்கவும் இந்தச் சொல் அவ்வளவாக ஒத்துழைக்காது. "ஹி கமிட்டெட் தட் ஹி வில் பே" என்பதை "ஹி ப்ராமிஸ்ட் டு பே" என்று எழுதினால் சுருக்கமாகவும் இருக்கும்.

அடுத்தது, பலகைகளில் பெரிய எழுத்தில் தொங்கும் தவறு: "வீ ஆர் கமிட்டெட் டு ப்ரொவைட் குவாலிட்டி சர்வீஸ்." இங்கே 'ப்ரொவைடிங்' வர வேண்டும். 'டு'வைப் பார்த்ததும் பள்ளியில் படித்த 'டு கோ', 'டு ஈட்' ஞாபகத்தில் வினையை அப்படியே வைத்துவிடுகிறோம். இது அந்த 'டு' இல்லை; 'லுக்கிங் ஃபார்வர்டு டு மீட்டிங் யூ'வில் வருகிற 'டு'. சந்தேகம் வந்தால் வினைக்குப் பதிலாக ஒரு பெயர்ச்சொல்லைப் போட்டுப் பாருங்கள். "கமிட்டெட் டு குவாலிட்டி" பொருந்துகிறதல்லவா? அப்படியானால் வினைக்கு 'இங்' வேண்டும். ஆங்கிலேயர்களே சில சமயம் 'இங்' இல்லாமல் எழுதிவிடுகிறார்கள், உண்மைதான். ஆனால் 'இங்' போட்டு எழுதியதற்கு எந்தத் தேர்விலும் மதிப்பெண் குறையாது.

'டு'வை விழுங்கிவிட்டால் வருவது வேறு வம்பு. 'டு' இல்லாமல் நேராக ஒரு பெயர்ச்சொல்லைச் சேர்த்தால் பெரும்பாலும் குற்றம்தான் வந்து நிற்கும்: கமிட் எ க்ரைம், கமிட் மர்டர், கமிட் ஃப்ராடு. இதனால்தான் "கமிட் எ மிஸ்டேக்" கொஞ்சம் போலீஸ் வாடையோடு கேட்கிறது. மிஸ்டேக்குக்கு 'மேக்' போதும். தற்கொலையைப் பற்றி எழுதும்போதும் ஆங்கிலப் பத்திரிகைகள் இப்போது 'கமிட்'டைத் தவிர்க்கின்றன. இங்கிலாந்தில் 1961 வரை அது சட்டப்படி குற்றம். அந்தக் குற்ற வாசனை சொல்லோடு ஒட்டிக்கொண்டு வருகிறது என்பதுதான் ஆட்சேபம். அமெரிக்கச் செய்தி நிறுவனமான அசோசியேட்டட் பிரஸ் 2015-இல் தன் நடைக் கையேட்டிலேயே இதை மாற்றியது. "டைட் பை சூசைட்" என்று எழுதுவதே இன்றைய வழக்கம்.

"அவர் மூணு படத்துல கமிட் ஆயிருக்கார்" என்பது நல்ல தமிழ்நாட்டுத் தமிழ், அதில் கை வைக்க வேண்டாம். ஆங்கிலத்தில் எழுதும்போது மட்டும் "ஹி ஹேஸ் சைன்ட் த்ரீ ஃபிலிம்ஸ்" என்று மாற்றிக்கொள்ளுங்கள். அதேபோல, "ஐ அம் கமிட்டெட்" என்று நிறுத்தினால் நம்மூர்க் கல்லூரியில் காதல் இருக்கிறது என்று அர்த்தம்; வெளிநாட்டு நண்பர் அதற்கு மேல் எதையோ எதிர்பார்த்துக் காத்திருப்பார். காதலைச் சொல்ல "இன் எ ரிலேஷன்ஷிப்", ஞாயிற்றுக்கிழமை வேறு வேலை இருக்கிறது என்று சொல்ல "ஐ ஹேவ் அனதர் கமிட்மென்ட்".

ஐ.டி.காரர்களுக்குக் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. கிட் போன்ற மென்பொருள்களில் 'கமிட்' என்றால் நிரலில் செய்த மாற்றத்தைப் பதிவு செய்வது. "ஐ கமிட்டெட் த சேஞ்சஸ்" என்பது அங்கே முழுக்கச் சரி. ஆனால் "நேற்றே கமிட் பண்ணிட்டேன்" என்று டெவலப்பர் சொல்வதை, தேதி கொடுத்துவிட்டான் என்று மேனேஜர் எடுத்துக்கொள்ள வாய்ப்புண்டு. எழுதும்போது எதை என்பதையும் சேர்த்துவிடுவது நல்லது.

அப்புறம் ஸ்பெல்லிங். 'கமிட்'டில் எம் இரண்டு, டி ஒன்று. 'கமிட்டெட்', 'கமிட்டிங்' இரண்டிலும் நடுவில் டி இரட்டிக்கும்; அட்மிட், சப்மிட், பெர்மிட், ஒமிட் எல்லாம் ஒரே லத்தீன் வேரில் வந்த சொந்தக்காரர்கள், அவையும் இப்படித்தான் இரட்டிக்கும். அழுத்தம் கடைசி அசையில் விழுவதுதான் காரணம். 'விசிட்'டில் அழுத்தம் முதலிலேயே விழுந்துவிடுவதால் 'விசிட்டெட்'டில் ஒரே டி. 'கமிட்மென்ட்'டிலோ பின்னால் வருவது எம் என்ற மெய்யெழுத்து, ஆகவே அங்கேயும் நடுவில் ஒரு டி மட்டுமே. ரெஸ்யூமேவில் இந்தச் சொல்லை எழுதும்போது ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.