ராப் பகையிலிருந்து பொறுமை கற்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2024-இல் ராப் பாடகர்களான அமெரிக்காவின் கென்ட்ரிக் லமாருக்கும் கனடாவின் ட்ரேக்குக்கும் இடையே மூண்ட பாட்டுச் சண்டை ஓய்ந்த பிறகு, அதைப் பொறுமைக்கும் ஒழுங்குக்கும் எடுத்துக்காட்டாகச் சொல்வது வழக்கமாகிவிட்டது. 2013 ஆகஸ்டில் ராப் பாடகர் பிக் ஷானின் 'கன்ட்ரோல்' பாடலில் சக கலைஞர்கள் பதினொருவரைப் பெயர் சொல்லி அறைகூவிய கென்ட்ரிக், அந்தப் பட்டியலில் இருந்த ட்ரேக்கை வீழ்த்தப் பதினொரு ஆண்டுகள் பொறுத்திருந்தார் என்பது கதை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதை அப்படியே நம்பி வாழ்க்கைக்கு எடுத்துக்கொள்பவர் முதல் அடியிலேயே சறுக்குகிறார்.

முதல் தவறு, அந்த ஆண்டுகளைக் காத்திருப்பாகக் கருதுவது. 2012-இல் ட்ரேக்கின் இசைப் பயணத்தில் அவருக்கு முன்னதாக மேடையேறியவர் கென்ட்ரிக். அதே ஆண்டு கென்ட்ரிக்கின் இசைத்தொகுப்பில் ட்ரேக் பாடியும் இருக்கிறார். பின்னர் உறவு கசந்தபோது அவ்வப்போது சாடைப் பேச்சு எழுந்ததே தவிர, யாரும் நாள் குறித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. கென்ட்ரிக் 2015, 2017, 2022 ஆகிய ஆண்டுகளில் தன் முக்கியமான தொகுப்புகளை வெளியிட்டார். 2017-இல் வந்த தொகுப்புக்காக அடுத்த ஆண்டு இசைக்கான புலிட்சர் பரிசு பெற்று, செவ்வியல், ஜாஸ் ஆகிய இரண்டுக்கும் வெளியிலிருந்து அப்பரிசைப் பெற்ற முதல் கலைஞரானார். பகை நினைவில் இருந்திருக்கலாம், ஆனால் நாள்களை நிரப்பியது வேலை. எதிராளியையே நினைத்துக்கொண்டு கைகட்டி இருப்பவரின் மனத்தில் வளர்வது வன்மம் மட்டுமே. நானே பல மாதங்கள் ஒரு வரிகூட எழுதாமல் இருந்துவிட்டு, அதற்குப் 'பக்குவம் வரட்டும்' என்று பெயர் சூட்டியிருந்தவன் என்பதால் இதைச் சற்று அழுத்தியே சொல்கிறேன்.

தாமதத்தைப் பொறுமை என்று எண்ணுவதும் இதே இனத்தைச் சேர்ந்த தவறு. 2015 ஜூலையில் மீக் மில் என்ற ராப் பாடகர் ட்ரேக்கைச் சீண்டினார். ட்ரேக் ஒரு பாட்டால் பதில் சொன்னார். மீக் மில்லிடமிருந்து எசப்பாட்டு வராததால், நான்கே நாளில் இரண்டாவது பாட்டையும் இறக்கினார். அதன் பிறகு வந்த மீக் மில்லின் பதில் எடுபடவில்லை. வம்பைத் தொடங்கியவர் கையில் சரக்கில்லாமல் நாளைக் கடத்தினால், பார்ப்பவர்கள் அதை நிதானம் என்று எடுத்துக்கொள்வதில்லை. ட்ரேக்கிடமும் கற்க வேண்டியது உண்டு என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன். வென்றவரை மட்டும் பார்த்துப் பாடம் படிப்பவர்கள் பாதியைத்தான் படிக்கிறார்கள்.

2024 ஏப்ரல், மே மாதங்களை நாள் கணக்கில் பார்த்தால் இன்னும் தெளிவாகும். மார்ச் 22 அன்று ராப் பாடகர் ஃபியூச்சர், இசைத் தயாரிப்பாளர் மெட்ரோ பூமின் இருவரின் பாட்டொன்றில் கென்ட்ரிக் நேரடியாகத் தாக்கினார். ஏப்ரல் 19-க்குள் ட்ரேக்கிடமிருந்து இரண்டு பாட்டுகள் வந்துவிட்டன. இரண்டாவது பாட்டே 'ஏன் இன்னும் பதில் சொல்லவில்லை' என்று கேலி செய்வதற்காக எழுதப்பட்டது. அதில் 1996-இல் கொல்லப்பட்ட ராப் பாடகர் டூபாக்கின் குரலைச் செயற்கை நுண்ணறிவால் உருவாக்கிப் பயன்படுத்தியிருந்தார். டூபாக்கின் சொத்துரிமையைக் கவனிப்பவர்கள் வழக்குத் தொடர்வோம் என்று எச்சரித்ததும் பாட்டை நீக்க வேண்டியதாயிற்று. எதிராளி மௌனமாக இருக்கும்போது அந்த மௌனத்தைப் பொறுக்க மாட்டாமல் மேலும் ஒன்றைச் செய்து வைப்பது, இந்தப் பகை முழுவதிலும் எனக்கு மிகவும் பழக்கமானதாகத் தோன்றிய தவறு. பதில் வராத மின்னஞ்சலுக்கு மேல் இன்னொரு மின்னஞ்சல் அனுப்பி மாட்டிக்கொண்டவர்களுக்கு இது புரியும்.

கென்ட்ரிக் ஏப்ரல் 30 அன்றுதான் ஒரு பாட்டுடன் வாய் திறந்தார். அதன் பிறகு நடந்தது நிதானமே அல்ல. மே 3 காலையில் ஒரு பாட்டு. அன்றிரவு ட்ரேக் ஏழு நிமிடங்களுக்கும் மேல் நீளும் பாட்டைக் காணொளியுடன் வெளியிட, ஒரு மணி நேரம் முடிவதற்குள் கென்ட்ரிக்கின் அடுத்த பாட்டு. மறுநாள் 'நாட் லைக் அஸ்'. ஐந்து நாளில் நான்கு பாட்டுகள். எதிராளியின் பாட்டை மக்கள் கேட்டு முடிப்பதற்குள் பேச்சைத் தன் பக்கம் திருப்பிவிட்டார். பொறுமையாளர் மெதுவாகத்தான் நடப்பார் என்று நினைப்பவர்கள் இந்த வேகத்தை அவசரம் என்பார்கள். முன்கூட்டியே உழைத்து வைத்திருப்பவருக்கு மட்டுமே அப்படிப்பட்ட வேகம் கைகூடும் என்பது என் கருத்து.

கூட்டத்தின் கூச்சலைத் தன் விருப்பம் என்று தவறாக எண்ணுவது மற்றொன்று. மார்ச் மாதத் தாக்குதலில் ஜே. கோல் என்ற ராப் பாடகரும் சீண்டப்பட்டிருந்தார். எல்லோரும் எதிர்பார்த்ததால் ஏப்ரல் 5 அன்று அவரும் ஒரு வசைப்பாட்டை வெளியிட்டார். இரண்டே நாளில் வட கரோலினாவின் ராலி நகரில், தான் நடத்திய இசை விழா மேடையிலேயே அதற்காக வருந்தினார். சில நாள்களில் இணைய இசைத் தளங்களிலிருந்தும் பாட்டை எடுத்துவிட்டார். அந்தப் பாட்டு இடம்பெற்ற தொகுப்புக்கு அவர் வைத்திருந்த பெயரே 'பின்னர் அழிக்கக்கூடும்' என்ற பொருள் தருவது. அன்று பலரும் அவரைக் கோழை என்று நகைத்தார்கள். ஆயிரக்கணக்கானோர் முன்னால் தன் தவறைத் தானே சொல்லித் திருத்திக்கொள்வதற்கு வேண்டிய கட்டுப்பாடு, பதிலுக்குப் பதில் எழுதுவதற்கு வேண்டியதைவிடக் குறைவானதா என்பதை யோசித்துப் பார்க்கலாம்.

கென்ட்ரிக்குக்குக் கிடைத்த கிராமி விருதுகள் ஐந்து, 2025-இல் சூப்பர் பவுல் என்ற அமெரிக்கக் கால்பந்து இறுதிப் போட்டியின் மேடை என்ற பட்டியலைக் காட்டி, பொறுத்தவருக்குக் கூலி நிச்சயம் என்று வாதிடுவதைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. பொறுத்தும் பரிசு கிடைக்காதவர்களே உலகில் அதிகம்.

நிறுத்துமிடம் தெரியாமல் போவதுதான் இவை எல்லாவற்றிலும் ஆபத்தானது. 2024 சண்டையில் இரு தரப்பும் குடும்பத்தினரை இழுத்து, நிரூபிக்கப்படாத கடுமையான குற்றச்சாட்டுகளை வீசிக்கொண்டன. அவற்றில் கற்பதற்கு எதுவும் இல்லை. ஆனால் மே 5 அன்று ட்ரேக் இன்னொரு பாட்டை வெளியிட்டபோது கென்ட்ரிக் தனியாக எசப்பாட்டு எழுதவில்லை என்பது கவனிக்கத்தக்கது. இதற்கு முந்தைய தலைமுறையில், 2001-இல் ராப் பாடகர்கள் ஜே-ஸீயும் நாஸும் மோதிக்கொண்டபோது, நாஸின் பதிலால் சீறிய ஜே-ஸீ அவருடைய குழந்தையின் தாயைப் பற்றி இழிவாகப் பாடிவிட்டார். அதைக் கேட்ட தன் தாயே கண்டித்ததால், வானொலியில் மன்னிப்புக் கேட்டார். நான்கு ஆண்டுகள் கழித்து, 2005 அக்டோபரில், 'போரை அறிவிக்கிறேன்' என்ற பொருள்படும் பெயரில் நியூ ஜெர்சியில் ஒரு நிகழ்ச்சியை அவர் நடத்தினார். யார் யாரைத் தாக்கப்போகிறாரோ என்று அரங்கம் காத்திருக்க, அவர் மேடைக்கு அழைத்தது நாஸை. அடுத்த ஆண்டு, ஜே-ஸீ தலைவராக இருந்த டெஃப் ஜாம் இசை நிறுவனத்தில் நாஸ் ஒப்பந்தமானார்.