வீட்டு ஹை-ஃபை: சிறு துணைக்கருவிகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டு ஹை-ஃபையின் (இசை கேட்பதற்கான உயர்தர ஒலியமைப்பின்) ஒலி நிறைவு தராதபோது, ஆம்பிளிஃபயரையோ ஸ்பீக்கரையோ மாற்றாமல், கேபிள், ஸ்பைக் (ஸ்பீக்கரின் அடியில் பொருத்தும் கூர்முனைக் கால்), ஃபோம் தகடு போன்ற சிறு துணைக்கருவிகளால் அதைச் சீராக்க முடியுமா என்று பார்ப்பது இயல்பே. அவற்றுள் சில உண்மையிலேயே உதவும். ஆனால் ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட குறைக்காக ஏற்பட்டது. அந்தக் குறை நம் அறையில் இருக்கிறதா என்று பார்க்காமல் வாங்குவதிலிருந்தே மற்ற தவறுகள் தொடங்குகின்றன.

பெரும்பாலானோர் சறுக்குவது ஒப்பிட்டுக் கேட்கும் முறையில்தான். புதிய பொருளைப் பொருத்துவதற்காக எல்லாவற்றையும் அணைத்து, இணைப்புகளைக் கழற்றி மாட்டி, பத்து நிமிடம் கழித்து மீண்டும் கேட்கும்போது பழைய ஒலியின் நுணுக்கங்கள் நினைவில் நிற்பதில்லை. வால்யூம் குமிழும் முன்பிருந்த இடத்தில் இருப்பதில்லை. ஒலியளவு மிகச் சிறிதளவு கூடும்போது, சத்தம் கூடிவிட்டது என்று காது உணர்வதைவிட, தெளிவு கூடிவிட்டது என்று நம்பவே அதிக வாய்ப்புண்டு. ஆகவே 100 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியை ஒலிக்கவிட்டு, ஸ்பீக்கர் முனைகளில் ஏசி மின்னழுத்தத்தை மல்டிமீட்டரால் அளந்து, மாற்றத்துக்கு முன்னும் பின்னும் அது 1 சதவீதத்துக்குள் ஒத்திருக்குமாறு வைக்க வேண்டும்; அது ஏறத்தாழ 0.1 டெசிபல் வேறுபாடு மட்டுமே. மலிவான மீட்டர்கள் உயர் அதிர்வெண்களைச் சரியாகக் காட்டாமல் போகலாம் என்பதால்தான் 100 ஹெர்ட்ஸ். ஒரே மாலையில் கேபிளையும் மாற்றி, ஸ்பைக்கையும் பொருத்தி, கம்பளமும் விரித்துவிட்டால், எது என்ன செய்தது என்பதை எந்த மீட்டராலும் சொல்ல முடியாது.

ஸ்பீக்கர் கேபிளில் முதலில் பார்க்க வேண்டியது விலையை அன்று, தடிமனையும் நீளத்தையும்தான். போய்வரும் கம்பி இரண்டின் மின்தடையும் சேர்ந்து ஸ்பீக்கரின் ஓம் மதிப்பில் 5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது நெடுங்காலமாக வழங்கிவரும் கணக்கு. ஸ்பீக்கர் 5 மீட்டர் தொலைவில் இருந்தால், 0.75 சதுர மி.மீ. செம்புக் கம்பியின் மொத்தத் தடை சுமார் 0.23 ஓம், 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது போதும், 4 ஓம் ஸ்பீக்கருக்கு வரம்பு மீறுகிறது. 2.5 சதுர மி.மீ. கம்பியில் அதே தொலைவுக்கு 0.07 ஓம் மட்டுமே ஆகிறது. அதற்கு மேல் பணம் கொடுத்துப் பெறுவது அழகான உறையைத்தான் என்பது என் கருத்து. செம்பு பூசிய அலுமினியக் கம்பியைச் செம்பு என்று நினைத்து வாங்கினால், தடை ஏறத்தாழ ஒன்றரை மடங்கு ஆகும்.

கம்பி சரியாக இருந்தும் முனையில் தவறு நேரலாம். பிரிந்து நிற்கும் ஓர் இழை பக்கத்து முனையைத் தொட்டால் ஆம்பிளிஃபயரே பழுதாகலாம் என்பதால், கம்பி முனையின் இழைகளை உள்ளடக்கி நேரே செருகப்படும் பனானா பிளக் வாங்குவது இங்கே நியாயமான செலவு. ஒரு பக்கத்தில் மட்டும் சிவப்பும் கறுப்பும் இடம் மாறினால் பேஸ் எனும் தாழ்ந்த ஒலி மெலிந்து, பாடகரின் குரல் நடுவில் நில்லாமல் அறையெங்கும் சிதறும். அழுக்கேறிய முனைகளை உப்புத்தாளால் தேய்ப்பதும் தவறு. தங்கப் பூச்சு போய்விடும், ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தோய்த்த துணியே போதும்.

அறை எதிரொலிக்கிறது என்று மெல்லிய ஃபோம் தகடுகளால் சுவர் முழுவதையும் மூடுவதுதான் ஒலியை அதிகமாகக் கெடுக்கும் தவறு. 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 3.4 மீட்டர், 2 அல்லது 3 செ.மீ. தடிமனுள்ள ஃபோம் அதை ஒன்றும் செய்யாது, உச்ச ஒலிகளை மட்டும் விழுங்கிவிடும். விளைவாக இசை மங்கும், பேஸின் முழக்கமோ அப்படியே நிற்கும். முட்டை அட்டைகளும் இதற்குப் பயன்படா. நாம் அமரும் இடத்தில் இருந்துகொண்டு, மற்றொருவரைப் பக்கச் சுவரில் கண்ணாடியை நகர்த்தச் சொல்லி, அதில் ஸ்பீக்கர் தெரியும் இடத்தில் மட்டும் 10 செ.மீ. அளவு தடிமனான, ஒலியை உறிஞ்சும் பலகையை வைப்பது, சுவர் முழுதும் ஒட்டுவதைவிடப் பலன் தரும். முழக்கத்துக்கு முதல் மருந்து ஸ்பீக்கரைப் பின்சுவரிலிருந்தும் மூலையிலிருந்தும் சற்று விலக்கிப் பார்ப்பது, அதற்குச் செலவே இல்லை.

ஸ்பைக்கின் வேலை, கம்பளத்தைத் துளைத்து ஸ்பீக்கரைக் கெட்டியான தரையில் ஆடாமல் நிறுத்துவது. அதிரும் மரத்தளத்திலும் மேசையிலும் அது அதிர்வைக் கடத்தும். அங்கே மென்மையான ரப்பர் திண்டுகள் பொருந்தும். உயரமான ஸ்பீக்கருக்கு மிக மென்மையான திண்டும் ஆகாது.

டர்ன்டேபிள் வைத்திருப்போர், இசைத்தட்டு தேயுமே என்று அஞ்சி ஸ்டைலஸ் எனும் ஊசியின் அழுத்தத்தைக் குறைத்துவிடுகிறார்கள். அழுத்தம் போதாத ஊசி பள்ளத்தின் சுவர்களில் மோதித் துள்ளுவதால், தேய்மானம் கூடவே செய்யும். தயாரிப்பாளர் குறித்த வரம்பு 1.8 முதல் 2.2 கிராம் என்றால், 2 கிராமில் வைத்து டிஜிட்டல் எடைமானியால் சரிபார்க்கலாம். அளக்கும்போது ஊசி இசைத்தட்டின் உயரத்தில் இருக்க வேண்டும். இசைத்தட்டின் அடியில் தடித்த விரிப்பு போட்டால், ஊசியைத் தாங்கும் கையான டோன்ஆர்மின் உயரத்தையும் திருத்த வேண்டும்.

உறுமல் சத்தத்தைப் போக்க, பிளக்கின் எர்த் முள்ளைத் துண்டிப்பது உயிருக்கே ஆபத்தானது: பழுது நேர்ந்தால் கருவியின் உலோக உறையில் மின்சாரம் பாயும். விலையுயர்ந்த பவர் கேபிளும் இந்த உறுமலைத் தீர்ப்பதில்லை. இரண்டு கருவிகள் வெவ்வேறு வழிகளில் எர்த் பெறுவதே பெரும்பாலும் காரணமாதலால், எல்லாவற்றையும் ஒரே மின்செருகிப் பலகையில் செருகி, உள்ளீட்டுக் கேபிள்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, எதைக் கழற்றும்போது சத்தம் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். அந்தக் கேபிளின் மறுமுனையில் உள்ள கருவி கணினியாகவோ கேபிள் தொலைக்காட்சிப் பெட்டியாகவோ இருந்தால், மின்தொடர்பு இல்லாத ஆப்டிகல் கேபிள் வழியாக இணைக்கலாம். அந்த வசதி இல்லாத கருவிக்கு, நேரடி மின்தொடர்பின்றி ஒலிச் சமிக்ஞையை மட்டும் கடத்தும் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மரை அந்த ஒரு கேபிளின் இடையில் பொருத்தினால் போதும்.